மியூசிக்கல் படங்களில் எவை பிடிக்கும், ஏன்? பாட்டு வந்தாலே நெளிபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பிடித்த மியூசிக்கல் படங்கள் எவை, அவற்றில் என்ன பிடிக்கும் என்பது ஒன்று. பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பாட ஆரம்பித்தால் சிரிப்புதான் வருகிறது, அதை எப்படி ரசிப்பது என்பது இன்னொன்று. இரண்டாவதிலிருந்து தொடங்கினால் முதலாவதற்கும் பதில் கிடைத்துவிடும்.

தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்குப் பாட்டு புதிதல்ல. ஆனால் நம் படங்களில் பெரும்பாலும் பாட்டு வந்தால் கதை நின்றுவிடும். பாட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடி நகரும். நல்ல மியூசிக்கலில் பாட்டு தொடங்கும்போது ஒரு நிலைமை, முடியும்போது வேறு நிலைமை. நடுவில் யாரோ மனம் மாறியிருப்பார், காதல் வெளிப்பட்டிருக்கும், இல்லையென்றால் பகை முற்றியிருக்கும். சோதித்துப் பார்ப்பதும் எளிது. அந்தப் பாட்டை ஓட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போங்கள். கதை புரிகிறதென்றால் அந்தப் பாட்டு வெறும் இடைவேளை.

இந்தக் கணக்கில் நம்மிடமே ஒரு நல்ல உதாரணம் உண்டு: 'திருவிளையாடல்' (1965) படத்தின் ஹேமநாத பாகவதர் பகுதி. பாலையா 'ஒரு நாள் போதுமா' பாடும்போது (குரல் பாலமுரளிகிருஷ்ணா) பாட்டு வித்தை எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியதாக அந்த ஆளின் கர்வமும் தெரிகிறது. போட்டிக்கான சவாலையும் அங்கேயே விட்டுவிடுகிறார். இரவில் திண்ணையில் படுத்திருக்கும் விறகு விற்பவன் கௌரிமனோகரி ராகத்தில் 'பாட்டும் நானே' பாட, அதைக் கேட்டவுடன் பாகவதர் ஊரைவிட்டே கிளம்புகிறார். மறுநாள் போட்டி நடக்கவேயில்லை, நடக்கத் தேவையுமில்லை. இரண்டு பாட்டையும் எடுத்துவிட்டால் அங்கே கதையே கிடையாது.

இனி முதல் இடத்தில் இருக்கும் படம். 'சிங்கின் இன் த ரெயின்' (1952), ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கியது, 103 நிமிடம். மியூசிக்கல் பிடிக்காது என்பவர்களுக்கும் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். காரணம் அந்த மழைப் பாட்டு. பேச்சு எப்படிப் பாட்டாகவும், பாட்டு எப்படி ஆட்டமாகவும் மாற வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

நாயகனாகவும் நடிக்கும் கெல்லி காதலியை வாசலில் விட்டு முத்தமிடுகிறார். காத்திருக்கும் காரைப் போகச் சொல்லிக் கை காட்டுகிறார். நடக்கத் தொடங்குகிறார். முதலில் வார்த்தையே இல்லை, வெறும் முணுமுணுப்பு. நடக்கும்போது யாரும் செய்வதுதான். பிறகு குடையை மடக்குகிறார். மழையில் குடையை மடக்குபவன் கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவன் என்று அந்த ஒரு செய்கை நம்மிடம் சொல்லிவிடுகிறது, அதனால் அடுத்து அவர் பாடினால் நாம் அதிர்வதில்லை. விளக்குக் கம்பத்தில் தாவி ஏறுகிறார். முழு ஆட்டம் பாட்டின் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் வருகிறது. குடை முதலில் ஆட்டத் துணையாகிறது. பிறகு கூரைக் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீர் முகத்தில் விழுகிறது. சாலை நடுவில் விரித்த குடையோடு வட்டமடிக்கும்போது கேமரா கிரேனில் பின்வாங்கி மேலே எழும்புகிறது. அந்த நொடியில்தான் மகிழ்ச்சி உச்சத்துக்குப் போகிறது. அதற்கு முன் கேமரா பெரும்பாலும் ஆளோடு தரையிலேயே இருந்தது. அப்புறம் குழந்தை மாதிரி தேங்கிய நீரில் குதிக்கிறார். ஒரு போலீஸ்காரர் வந்து நின்று பார்க்கிறார். ஆட்டம் அடங்குகிறது, கெல்லி மறுபடி நடக்கிறார், எதிரே வருபவரிடம் குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். நடையில் தொடங்கியது நடையிலேயே முடிகிறது.

அந்தத் தரையில் தண்ணீர் தேங்கிய இடங்கள் தற்செயலானவை அல்ல. அசைவுக்கு ஏற்ற இடங்களில் தோண்டி வைத்தவை. மழை தெரிய வேண்டுமென்று தண்ணீரில் பால் கலந்தார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் மழை கண்ணுக்குத் தெரியாது, பின்னாலிருந்து அடித்தால் ஒவ்வொரு சொட்டும் மின்னும், விஷயம் அவ்வளவுதான். கெல்லிக்கு அப்போது கடும் காய்ச்சல் என்பதும் உண்மை.

இந்தப் படத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கதை பேசும்படம் வந்த காலத்தில் நடக்கிறது. கீச்சுக் குரல் நட்சத்திரமான லீனாவுக்குப் புதுமுகம் கேத்தி குரல் கொடுக்கிறாள். அந்த ஏமாற்றுதான் கதை. ஆனால் கேத்தி லீனாவின் வசனத்துக்கு டப்பிங் பேசும் காட்சியில் நாம் கேட்பது கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸின் குரல் அல்ல. லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயல்பான குரல் அது, அவ்வளவு இனிமையானது. டெபிக்காக ஒரு பாட்டைப் பாடியவர் பெட்டி நாய்ஸ் என்னும் பாடகி. ஏமாற்றைப் பற்றிய படத்துக்குள்ளேயே ஏமாற்று.

ஆட்டத்தை எப்படிப் படம் பிடிக்கிறார்கள் என்பது அடுத்தது. நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேரின் கொள்கை எளிமையானது: தலை முதல் கால் வரை ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும், வெட்டு (ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது) முடிந்த அளவு குறைவாக இருக்க வேண்டும். 'ஸ்விங் டைம்' (1936) படத்தின் கடைசி ஆட்டத்தை 47 டேக் எடுத்தார்கள், அவரோடு ஆடிய ஜிஞ்சர் ராஜர்ஸின் காலில் ரத்தமே வந்துவிட்டது. அந்தச் சிரமம் எதுவும் திரையில் தெரியாது. வெட்டு மிகக் குறைவு என்பதால் இது நிஜமாகவே நடந்தது என்பது நமக்குத் தெரிகிறது. ரசனையில் பாதி அதில்தான். இதற்கு நேர் எதிர் துருவம் நடன அமைப்பாளர் பஸ்பி பெர்க்லி. '42ண்ட் ஸ்ட்ரீட்' (1933) போன்ற படங்களில் அவர் கேமராவை உச்சியில் வைத்து, டஜன் கணக்கான பெண்களைப் பூவாகவும் சக்கரமாகவும் விரித்துக் காட்டுவார். அங்கே தனி ஆளின் திறமைக்கு வேலையில்லை, கேமராதான் ஆடுகிறது. இரண்டும் பிடிக்கும், ஆனால் அஸ்டேர் ஒரு படி மேல்.

பிற்காலப் படங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு அடி முடிவதற்குள் வெட்டு வந்தால் ஆடுபவர் ஆடினாரா, எடிட்டர் ஆடினாரா என்று தெரியாது. 'மூலன் ரூஜ்' (2001) வேண்டுமென்றே அப்படிப் பாய்கிறது. சிலருக்கு அதுதான் போதை, பலருக்குத் தலைவலி, முதல் படமாகப் பார்க்க வேண்டாம். 'சிகாகோ'வும் (2002) வேகமாகத்தான் வெட்டுகிறது, ஆனால் அதற்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறது. பெரும்பாலான பாட்டுகள் சிறையிலிருக்கும் நாயகி ராக்ஸியின் கற்பனை மேடையில் நடக்கின்றன, வெட்டு சிறைக்கும் மேடைக்கும் நடுவே தாவுகிறது. அவளுடைய வக்கீல் தன் மடியில் ராக்ஸியைப் பொம்மலாட்டப் பொம்மையாக உட்கார வைத்து நிருபர்களிடம் பேச வைக்கும் பாட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் வசனம் எழுதினாலும் அந்தக் கிண்டல் வராது.

'லா லா லேண்ட்' (2016) பழைய முறைக்குத் திரும்ப முயன்ற படம். மேம்பாலத்தில் நடக்கும் தொடக்கப் பாட்டு ஒரே ஷாட் போலத் தெரிந்தாலும் சில துண்டுகளைத் தடம் தெரியாமல் ஒட்டியது. ஆனால் அந்தி வெளிச்சத்தில் இருவரும் மலைமேல் ஆடும் ஆட்டம் நிஜமாகவே ஒரே ஷாட். வெளிச்சம் கொஞ்ச நேரமே நிற்கும் என்பதால் ஒவ்வொரு டேக்கும் அவசர ஓட்டம். நாயகனும் நாயகியும் தேர்ந்த பாடகர்கள் அல்ல, குரல் மெலிந்திருக்கிறது என்ற குறை நியாயமானது. அந்தக் கதைக்கு அது பொருந்துகிறது என்பது என் கட்சி.

குரல் விஷயத்துக்கு வருவோம். பாட்டை முதலில் ஸ்டுடியோவில் பதிவு செய்து, செட்டில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, நடிகர் வாயசைப்பதுதான் வழக்கம். நமக்குப் பழகியது. எங்கே கெடுகிறது? வசனத்தில் தெரு இரைச்சலும் அறையின் எதிரொலியும் இருக்கும். பாட்டு தொடங்கியதும் குரல் சட்டென்று வேறொரு சுத்தமான அறைக்குள் போய்விடும். காது அதைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்தது மூச்சு. உச்ச ஸ்வரத்தில் குரல் இருக்கும்போது கழுத்து நரம்பு அசையாமல் இருந்தால் கண் நம்பாது. மூன்றாவதாக, நடிகர் ஒரு சொல்லில் தயங்கி நிற்க நினைத்தாலும் முடியாது, தாளம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. பேச்சு பாட்டாக மாறும்போது நெளிவு வருவதற்குப் பெரும்பாலும் பாட்டு காரணமல்ல, இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான்.

'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். ரெக்ஸ் ஹாரிசன் வாயசைக்க மறுத்துவிட்டார், ஏனென்றால் அவர் பாட்டைப் பேச்சு மாதிரிதான் சொல்வார், இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்லமாட்டார். அதனால் அவர் டையில் கம்பியில்லா மைக்கை ஒளித்து வைத்து நேரடியாகப் பதிவு செய்தார்கள். ஆட்ரி ஹெப்பர்னின் பாட்டுகளில் பெரும்பகுதிக்கு மார்னி நிக்ஸன் குரல் கொடுத்தார். ஹாரிசன் பாடும்போது பேச்சு எங்கே முடிந்தது என்றே தெரியாது. ஆட்ரி பாடும்போது தெரியும்.

'லெ மிசராப்ள' (2012) எல்லாரையும் செட்டிலேயே பாட வைத்தது. நடிகரின் காதில் சிறு கருவி, வெளியே ஒருவர் நடிகரின் போக்குக்கு ஏற்பப் பியானோ வாசிப்பார், வாத்தியக் கூட்டம் பிறகு சேர்க்கப்பட்டது. ஆன் ஹாதவே தலைமுடி வெட்டப்பட்ட நிலையில் பாடும் பாட்டு, நெருக்கமான நீண்ட ஷாட்டில், அந்த முறைக்குக் கிடைத்த முழு வெற்றி. விம்மல் எங்கே, ஸ்வரம் எங்கே என்று பிரிக்க முடியாது. அதே நெருக்கத்தை 158 நிமிடமும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் களைப்பு. எல்லாரும் நம் முகத்துக்கு நேரே வந்து பாடினால் எந்தப் பாட்டு முக்கியம் என்பது மறந்துவிடும்.

இசையை மட்டும் வைத்துச் சொன்னால் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961) தான் உச்சம். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் இசை, ஸ்டீஃபன் சாண்ட்ஹைம் வரிகள், ஜெரோம் ராபின்ஸ் நடன அமைப்பு. மேற்கத்திய இசை தெரியாவிட்டாலும் இரண்டு விஷயங்களை உடனே பிடித்துக்கொள்ளலாம். மரியா என்று நாயகன் காதலியின் பெயரைச் சொல்லும் மூன்று ஸ்வரம், நம் கர்நாடக இசைக் கணக்கில், ச, பிரதி மத்தியமம் (ம), ப. நடு ஸ்வரத்தில் ஒரு தவிப்பு, பஞ்சமம் தொட்டதும் நிம்மதி. கதையின் இரண்டு பகைக் கும்பல்கள் மோதும் பாட்டுகளிலும் அதே ச-ம உறவு வருகிறது, அங்கே மட்டும் அந்த நிம்மதி எளிதில் கிடைப்பதில்லை. காதலும் கத்தியும் ஒரே விதையிலிருந்து முளைத்தவை என்று வசனமே இல்லாமல் சொல்வது அதுதான். அடுத்தது மொட்டை மாடியில் ஆண்களும் பெண்களும் அமெரிக்கா நல்லதா கெட்டதா என்று சண்டை போடும் பாட்டு. கைதட்டிப் பாருங்கள்: தகிட தகிட, தக தக தக. ஆறு எண்ணிக்கையை ஒருமுறை மூன்று மூன்றாகவும், மறுமுறை இரண்டு இரண்டாகவும் உடைக்கிறது. இரண்டு கட்சி சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான தாளம் கிடைக்காது. நாடகத்தில் பெண்கள் மட்டும் பாடிய இதை, 1961 படத்தில் ஆண்-பெண் வாக்குவாதமாக மாற்றினார்கள், நல்ல மாற்றம். கும்பல் சண்டை நடக்கவிருக்கும் அன்று மாலை ஐந்து தரப்பும் தனித்தனி இடத்தில் நின்று 'இன்றிரவு' என்று ஒரே பாட்டைப் பாடுவதும் பார்க்க வேண்டியது: இரண்டு கும்பல், காதலர் இருவர், மரியாவின் தோழி அனிதா. ஒரே சொல், ஒவ்வொருவருக்கும் வேறு அர்த்தம். ஸ்பீல்பெர்க்கின் 2021 பதிப்பும் மோசமில்லை, ஆனால் முதலில் பழையது.

பாட்டு திடீரென்று வருவதுதான் பிரச்சினை என்றால் அதற்கும் ஒரு படம் இருக்கிறது: பாப் ஃபாஸியின் 'கேபரே' (1972). 1931 பெர்லின். பாட்டுகள் கிளப் மேடையில் மட்டும். பாடுபவர்களுக்குப் பாடுவதே வேலை, ஆகவே யாரும் நெளிய வேண்டியதில்லை. மேடைக்கு வெளியே பாடப்படுவது ஒன்றே ஒன்று. திறந்தவெளித் தோட்டத்தில் ஒரு பொன்னிற முடிப் பையன் இனிமையாகப் பாடுகிறான், முகம் மட்டும் தெரிகிறது. கேமரா மெல்லக் கீழே இறங்க, கையில் நாஜிப் பட்டை. ஒவ்வொருவராக எழுந்து சேர்ந்து பாடுகிறார்கள், ஒரு கிழவர் மட்டும் உட்கார்ந்தே இருக்கிறார். படம் தனக்கு விதித்துக்கொண்ட விதியை அந்த ஒரு இடத்தில் மீறுவதால்தான் அடிவயிறு கலங்குகிறது.

எதிர்முனையில் ஜாக் தெமியின் 'ஷெர்பூர்க் குடைகள்' (1964). பிரெஞ்சு, 91 நிமிடம், கான் விழாவின் அந்த ஆண்டு உயரிய பரிசு பெற்றது. ஒரு வசனம்கூடப் பேச்சாக இல்லை. பெட்ரோல் போடுவது முதல் கடன் விவகாரம் வரை எல்லாமே பாட்டு, ஆட்டம் மட்டும் கிடையாது. முதல் காட்சியிலேயே கார் மெக்கானிக் ஒருவர், ஆபராவில் எல்லாரும் பாடிக்கொண்டே இருப்பது தனக்கு ஆகாது, சினிமாதான் பிடிக்கும் என்கிறார். அதையும் பாடித்தான் சொல்கிறார்! முதல் பதினைந்து நிமிடம் சங்கடமாக இருக்கும். அதற்குப் பிறகு காது பழகி, பாடுகிறார்கள் என்பதே மறந்து, ரயில் நிலையப் பிரிவில் மிஷெல் லெக்ரானின் மெட்டு எழும்பும்போது தப்பிக்க வழியிருக்காது. பேச்சு பாட்டாக மாறும் இடமே இல்லாததால் நெளிவதற்கும் இடமில்லை.

மெதுவான முதல் பாட்டை ஓட்டிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மியூசிக்கலில் பெரும்பாலும் முதல் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் நாயகியோ நாயகனோ தனக்கு என்ன வேண்டும் என்று பாடுவார். படம் முழுக்க அந்த ஆசையின் மேல்தான் நிற்கிறது. 'த விசர்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தில் சிறுமி டாரதி பண்ணையில் நின்று வானவில்லுக்கு அப்பால் போக ஆசைப்படும் பாட்டை, வேகம் குறைகிறது என்று வெட்டப் பார்த்தார்கள். ஐம்பது வருடம் கழித்து 'த லிட்டில் மெர்மெய்ட்' (1989) சோதனைத் திரையிடலில் கடல்கன்னியின் ஆசைப் பாட்டுக்கும் அதே கதிதான் வரவிருந்தது. இரண்டும் தப்பின. டாரதியின் பாட்டுக்கு ஆஸ்கரே கிடைத்தது. தொடக்கப் பாட்டின் சிக்கனத்தைப் பார்க்க 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) போதும்: ஐந்து நிமிடத்துக்குள் நாயகி, அவள் புத்தகப் பைத்தியம், ஊரின் முணுமுணுப்பு, வில்லனின் தற்பெருமை எல்லாம் வந்துவிடும்.

ஒரே பாட்டு திரும்ப வரும் இடங்களையும் கவனியுங்கள். 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்தில் நாயகனான கேப்டன் தன் வீட்டில் 'எடல்வைஸ்' பாடும்போது அது குழந்தைகளுக்கான சின்னப் பாட்டு. அரங்கில் நாஜி அதிகாரிகள் முன்வரிசையில் இருக்க, அதையே பாடித் தொண்டை அடைத்து நிற்கும்போது கூட்டம் எடுத்துப் பாடுகிறது. பாட்டு மாறவில்லை, நாடு மாறிவிட்டது. பலர் அதை ஆஸ்திரிய நாட்டுப்பாட்டு என்று நினைக்கிறார்கள். 1959 நாடகத்துக்காக ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் எழுதியது அது.

பார்க்கும் முறையும் முக்கியம், டிவி செட்டிங்கிலேயே பாதிப் படம் கெடும். 1950களின் தொடக்கம் வரை வந்த படங்கள் பெரும்பாலும் 1.37:1 அளவில் (அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு) எடுக்கப்பட்டவை. பக்கவாட்டுக் கறுப்புப் பட்டை பிடிக்காமல் ஜூம் செய்து அகலத் திரையை நிரப்பினால் உயரத்தில் சுமார் 23 சதவீதம் போய்விடும், அதாவது அஸ்டேரின் கால்கள் போய்விடும். அசைவை வழவழப்பாக்கும் செட்டிங்கை அணையுங்கள், இல்லாவிட்டால் ஆட்டம் வீடியோ மாதிரி வழுக்கும். இரவு ஒலி, வசனத்தைத் தூக்கிக் காட்டும் ஒலி போன்றவற்றையும் அணையுங்கள். மெல்லத் தொடங்கி முழுக் குரலுக்கு ஏறும் பாட்டை அவை ஒரே மட்டத்தில் தட்டையாக்கும். புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி கொஞ்சம் தாமதமாக வந்தால் வசனத்தில் பொறுத்துக்கொள்ளலாம், காலணியால் தாளம் தட்டி ஆடும் டாப் நடனத்தில் முடியாது. கம்பி இணைப்பு நல்லது. டப் செய்த பதிப்பு வேண்டாம், மூல ஒலியும் சப்டைட்டிலும் போதும். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' தொடக்கத்தில் வெறும் கோடுகளும் நிறமும் மாறிக்கொண்டு சில நிமிடம் இசை மட்டும் ஓடும். அதையும் ஓட்டிவிடாதீர்கள். பின்னால் வரும் மெட்டுகளை அது காதில் போட்டு வைக்கிறது.

முதல் படம் ஒட்டவில்லை என்றால் வகையையே கைவிடாமல், எது உறுத்தியது என்று பார்த்து அடுத்ததை எடுங்கள். திடீரென்று பாடுவது உறுத்தினால் 'கேபரே'. வாயசைப்பு உறுத்தினால் ஹாரிசனுக்காக 'மை ஃபேர் லேடி'. பொறுமை குறைவென்றால் 84 நிமிட 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'. கதை இனிப்பாக இருக்கிறது என்று அலுத்தால் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. எதுவுமே உறுத்தவில்லை, இன்னும் வேண்டும் என்றால் 'ஷெர்பூர்க் குடைகள்', அதுவும் மறுநாள் காலை வேலை இல்லாத இரவில்.